சுறாப்பல் எந்த மண்ணில் கிடந்தது?

சென்ற இதழில் பாம்பன் பார்களை (கடலடிப் பாறைத் திட்டுகளை) பற்றி எழுதும்போது, பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊரின் ஓடைகளில் நான் பொறுக்கிய சுறாப்பற்களுக்கு வயது 10 கோடி ஆண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. கடற்கரைக்காரர்களுக்குச் சுறா என்றால் சும்மாவா! இந்த மாதம் முழுக்கச் சுறாவுக்கே.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் பிறந்தது பாம்பனில். அப்பா ஆயிரங்கால் தூண்டில் போட்டுச் சுறா பிடித்தவர். நான் நிலவியல் படித்து, அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 31 ஆண்டு வேலை பார்த்துவிட்டு, மறுபடி பாம்பனுக்கே வந்துவிட்டேன். சுறாவை உயிரோடு பார்த்ததும் இங்கேதான், கல்லாகப் பார்த்தபோது அடையாளம் தெரிந்ததும் இங்கே வளர்ந்ததால்தான்.

*

தேவிபட்டினம் கரையில் நடக்கும்போது கறுப்பாக, முக்கோணமாக ஒரு பல் கிடைத்தது. படம் அனுப்பியிருக்கிறேன். கறுப்பாக இருப்பதால் இது டைனோசர் காலத்துச் சுறாவின் பல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், தொண்டி

தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுறாப்பல்தான், அதில் சந்தேகமில்லை. ஓரத்தில் அரம் போலச் சின்னச் சின்னப் பல் ஓடுகிறது. ஆனால் டைனோசர் காலத்தது என்று நான் சொல்ல மாட்டேன். உனக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரியும்.

நிறத்தை நம்பாதே. நம் கரையோரத்துக் கறுத்த சேற்றில், காற்றுப் படாமல் கொஞ்ச காலம் புதைந்து கிடந்தால் புதுப்பல்லும் கறுத்துவிடும். பல்லின் வயதைச் சொல்வது அது கிடந்த அடுக்கு. நம் ராமநாதபுரம் கரையில் மேலே தெரிவதெல்லாம் பூமியின் கணக்கில் நேற்றைய சமாச்சாரம்: கடல் மணல், தேரி மணல், ராமேஸ்வரம் தீவில் கரையேறிக் கிடக்கும் பழைய பவளம். அந்தப் பவளத்துக்கே சில ஆயிரம் ஆண்டுதான். கிரெட்டேசியஸ் காலம் என்பது 14.5 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுக்கு முன் முடிந்த காலம். அந்தக் காலத்துப் பாறை நம் கரையில் எங்கேயும் தலை காட்டவில்லை.

தலை காட்டவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்து பிரிந்தபோது கீழைக் கரையோரம் நிலம் விரிந்து, இறங்கி, பள்ளமானது. அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்து, கோடிக்கணக்கான ஆண்டு மண் படிந்தது. அதைக் காவிரிப் படுகை என்கிறோம். புதுச்சேரியிலிருந்து நம் ராமநாதபுரம், பாக் நீரிணை வரை அது ஒரே பெரும் பள்ளம். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் அதன் மேற்கு விளிம்பு வெளியே தெரிகிறது. நம் பக்கம் அதே கடலின் மண் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் கிடக்கிறது. வழுதூர் மின்நிலையத்துக்கு எரிவாயு வருகிறதே, அந்த வாயுவுக்காகத் துளைத்த கிணறுகள் இறங்குவது இந்தப் பழைய படிவங்களுக்குள்தான். நீ தொண்டியில் உட்கார்ந்து பாடம் படிக்கிற இடத்துக்கு நேர் கீழே டைனோசர் காலத்துக் கடல் இருக்கிறது. அதன் சுறாப்பல் கரையில் வந்து ஒதுங்க வழி இல்லை.

உன் பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதே. கிடைத்த இடம், தேதி, அலை ஏறிய கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று ஒரு தாளில் எழுதி அதோடு வை. இன்றைய சுறாக்களைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு அது பயன்படும்.

*

முப்பது வருசமா வாடியில சுறா அறுக்குறேன். சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்து. வெயில்ல ரெண்டு நாள் கெடந்தா சுருங்கிப் போகுது, நாயி இழுத்துட்டுப் போகுது. அது எப்புடிங்க கோடி வருசம் கெடக்கும்?
— மண்டபத்திலிருந்து ஓர் அக்கா (மகள் எழுதி அனுப்பியது)

அக்கா, வந்த கடிதங்களிலேயே சரியான கேள்வி உங்களுடையதுதான். கல்லூரியில் என் ஆசிரியர் முதல் நாள் கேட்டதும் இதே கேள்வி.

நீங்கள் சொன்னதுதான் நடக்கிறது. செத்த சுறாவின் உடம்பில் பெரும்பகுதி ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆனால் அறுக்கும்போது உங்கள் கத்தி எங்கெல்லாம் தடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தோல். வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் கையைக் கிழிக்கும். அந்தச் சொரசொரப்பு முழுக்கக் குட்டிக் குட்டிப் பற்கள். பல் எதனால் ஆனதோ அதனால்தான் ஆனது. உடம்பு மக்கிய பிறகு அவை மணலோடு மணலாகக் கொட்டிக் கிடக்கும். அடுத்தது முதுகுத்தண்டு. குறுக்கே வெட்டினால் சட்டையின் பெரிய பித்தான் மாதிரி வட்டத் தட்டுகள் வரும் இல்லையா? மற்றக் குருத்தைவிட அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய ஏறியிருக்கும். நல்ல சேற்றில் சீக்கிரம் மூடிக்கொண்டால் அதுவும் கல்லாகும்.

எல்லாவற்றுக்கும் மேல் பல். அப்பா சுறாத் தாடையைக் காயவைக்கக் கூரையில் மாட்டுவார். உள்பக்கம் பார்த்தால் முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்குப் பின் இன்னொன்று, எல்லாம் மடங்கிப் படுத்திருக்கும். முன்னால் ஒன்று விழ விழப் பின்னால் உள்ளது நகர்ந்து வரும். நமக்கு இரண்டு முறைதான் பல் முளைக்கும். சுறாவுக்குச் சாகும்வரை முளைத்துக்கொண்டே இருக்கும். ஒரே சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். சிலவகையில் பத்தாயிரங்களில் கணக்கு. உதிர்ந்த பல்லின் மேல்பூச்சு உறுதியான பாஸ்பேட்; நாயும் தின்னாது, மண்ணும் அரிக்காது. அதனால்தான் பழைய சுறாக்களில் பெரும்பாலானவற்றை நாங்கள் பல்லாக மட்டுமே அறிவோம். முழுமீன் என்பது அபூர்வம்.

அந்த அபூர்வம் நடந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவில் கேன்சாஸ் மாநிலத்தில், பழைய கடலின் அடிச்சேறு வெள்ளைச் சீமைச்சுண்ணாம்பாக இறுகிய இடத்தில், சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க் என்பவர் 1890இல் ஒரு கிரெட்டாக்சிரைனா சுறாவைக் கண்டெடுத்தார். முதுகுத்தண்டு ஏறத்தாழ முழுசாக, கூடவே 250 பற்கள் வரை. அதற்கு முன் பல்லைத் தனித்தனியாகப் பார்த்து, ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வாயில் முன்பல் ஒரு மாதிரி, கடைவாய்ப் பக்கத்துப் பல் இன்னொரு மாதிரி இருக்கும் என்று வாடியில் இருப்பவருக்குத் தெரியும். நூலகத்தில் இருந்தவர்களுக்கு அந்த மாதிரி ஒரு முழு வாய் கிடைத்த பிறகுதான் தெரிந்தது.

லெபனான் மலைகளில் இன்னும் அதிசயம். ஏடு ஏடாகப் பிரியும் சுண்ணாம்புக் கல்லைப் பிளந்தால் உள்ளே சுறா, உழுவை, திருக்கை எல்லாம் தோல் விளிம்போடு, துடுப்போடு அச்சாகப் படுத்திருக்கும். 13ஆம் நூற்றாண்டிலேயே, பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி அந்தக் கரையில் இருந்தபோது, உள்ளே மீன் உள்ள கல்லைக் கொண்டுவந்து காட்டினார்களாம். அந்த உழுவைகளின் படத்தைப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள், இது இன்று காலை ஏலத்துக்கு வந்ததா என்று.

*

மெகலோடான் சுறா டைனோசரோடு சண்டை போட்டதாகப் பிள்ளைகள் கைபேசியில் காட்டுகிறார்கள். அப்படி நடந்ததா?
— கடைக்காரர், கீழக்கரை

நடக்கவில்லை. டைனோசர்கள் (பறவைகளை விட்டுவிடுங்கள்) 6.6 கோடி ஆண்டுக்கு முன் முடிந்துபோயின. மெகலோடான் வந்தது அதற்கு நாலு கோடி ஆண்டுக்கும் மேல் கழித்து. ஆனால் அதன் முன்னோர் வழி கிரெட்டேசியஸ் கடலில் இருந்த கிரெட்டலாம்னா என்ற சுறாவிலிருந்து வந்தது என்று கருதுகிறார்கள். அதன் பல் விரல்நுனி அளவு. பிள்ளைகளுக்கு அந்தச் சின்னப் பல்லைக் காட்டுங்கள். அதிலிருந்து உள்ளங்கை அளவுப் பல் வரை போன கதை, சண்டையைவிடப் பெரிய கதை.

*

அந்தக் காலச் சுறா எவ்வளவு பெருசு? நம்ம பால்சுறா, கொம்பன் சுறா மாதிரி எல்லாம் உண்டா? நம்ம தமிழ்நாட்டுல கிடைச்சதா, எல்லாம் வெளிநாட்டுக் கதைதானா?
— விசைப்படகுத் தொழிலாளி, பாம்பன்

நம் ஊர்க்காரர் கேட்டதால் நம் நாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

காரைக்குப் போனவர்களுக்குத் தெரியும். செம்மண்ணும் பழுப்புக் களிமண்ணுமாக, மழை அரித்து அரித்து ஓடை ஓடையாகப் பிளந்த பொட்டல். வெயிலில் ஜிப்சம் படலம் கண்ணாடிச் சில்லு மாதிரி மினுக்கும். துப்பாக்கித் தோட்டா போலக் கல்லான கணவாய் இனத்து ஓடுகள் காலில் இடறும். சாளக்கிராமம் போலச் சுருண்ட அம்மோனைட்டுகளும் (கணவாய்க்கு உறவான, ஓடு கொண்ட பழைய கடலுயிர்) கிடைக்கும். இன்றைய கடல் அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஆனால் அந்தக் களிமண் கடலடிச் சேறு. அன்று துருவங்களில் பனி கிட்டத்தட்ட இல்லை. கடல் மட்டம் இன்றைக்கு விட 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, தண்ணீர் உள்நாட்டுக்குள் ஏறி நின்றது.

அந்தச் சேற்றிலிருந்து பொறுக்கிய பற்களை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் உலகத்துக்கே புதிதான ஒரு சுறாவுக்கு த்வார்டியஸ் சுடிண்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். சுடிண்டிகஸ் என்றால் தென்னிந்தியாவுக்குரியது. நான் நடந்து பழகிய ஓடைப் பகுதியின் மண் ஒரு சுறாவின் பெயரில் ஏறிவிட்டது என்று படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதன் குடும்பத்தார் எவ்வளவு பெரிதாக வளர்ந்தார்கள் என்பதற்கு 2025இல் ஒரு சான்று வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் டார்வின் நகரத்துக் கடற்கரையில் பல வருடங்களுக்கு முன் கிடைத்த முதுகுத்தண்டுத் தட்டுகள், 11.5 கோடி ஆண்டுப் பழையவை. பெரியது 12 சென்டிமீட்டருக்கும் மேல் அகலம். மண்டபத்து அக்காவுக்குச் சொன்ன அதே பித்தான்தான், சாப்பாட்டுக் கிண்ணம் அளவில்! அதைக் கொண்டு மீனின் நீளம் 8 மீட்டர் வரை, எடை 3 டன்னுக்கும் மேல் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அதுவரை இவ்வளவு பழைய காலத்தில் இந்தச் சுறா வரிசையில் இத்தனை பெரிய உருவம் இருந்ததாக யாரும் எதிர்பார்க்கவில்லை.

தட்டின் அகலத்திலிருந்து நீளம் எப்படி வருகிறது என்றால், இன்றைய சுறாக்களில் தட்டு இவ்வளவு என்றால் மீன் இவ்வளவு என்று அளந்து வைத்த விகிதம் உண்டு. தட்டுக்குள் மரத்தின் வளையம் போலக் கோடுகளும் ஓடும். அவற்றை எண்ணி வளர்ச்சியைக் கணிக்கிறார்கள். எல்லா இனத்திலும் ஒரு கோடு ஒரு வருடம் ஆகாது என்பதால் இதில் எச்சரிக்கை வேண்டும்.

பால்சுறாவும் கொம்பனும்? அவற்றின் குடும்பங்கள் பெருகியது பிற்பாடு. கிரெட்டேசியஸ் கடலில் ஆட்சி செய்தது இன்றைய வெள்ளைச்சுறா சேர்ந்த வரிசை. டைனோசர்களோடு அந்தக் கூட்டத்தில் பல பேர் போன பிறகு நம் பால்சுறா இனத்தார் கை ஓங்கியது.

*

ஒரு பல்லை வைத்து அந்தச் சுறா என்ன தின்றது என்று சொல்வது ஊகமில்லையா? மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?
— அறிவியல் ஆசிரியை, சாயல்குடி

ஊகம் கலந்ததுதான் அம்மா. ஆனால் ஊகத்தைச் சோதித்துப் பார்க்க வழிகள் உண்டு. சோதித்தபோது சில இடங்களில் நாங்கள் தோற்றும் இருக்கிறோம்; மாணவர்களிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

முதல் வழி, வடிவம். சமையலறையில் ஊசி இருக்கிறது, அரிவாள்மனை இருக்கிறது, அம்மி இருக்கிறது. வழுக்கும் மீனைக் குத்திப் பிடிக்க ஊசிப்பல். சதையை அறுக்க அரம் ஓடிய அகலப்பல். சிப்பியையும் நத்தையையும் நசுக்க அம்மிப்பல். குருவித் திருக்கையின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்கு அம்மிப்பல் தெரியும்.

இரண்டாவது, கையும் களவுமாகப் பிடிப்பது. கேன்சாஸ் சுண்ணாம்பில் கிடைத்த ஒரு டெரனோடானின் (சிறகு விரித்துக் கடல்மேல் பறந்த ஊர்வன இனம்) கழுத்தெலும்பில் கிரெட்டாக்சிரைனாவின் பல் ஒன்று சிக்கிக் கிடக்கிறது. 2018இல் இதை விவரித்தார்கள். பறந்துகொண்டிருந்ததைச் சுறா எட்டிப் பிடித்ததா, செத்து மிதந்ததைக் கடித்ததா என்பதை அந்த எலும்பு சொல்லவில்லை. கடித்தது என்பது மட்டும் உறுதி. ஸ்குவாலிகோராக்ஸ் என்ற இன்னொரு சுறாவைக் காக்கைச் சுறா என்று அழைக்கிறார்கள். அதன் பல் தரையில் வாழ்ந்த டைனோசரின் கால் எலும்பில்கூடச் சிக்கியிருக்கிறது. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த பிணத்தைத் தின்றிருக்க வேண்டும். பெயர் பொருத்தம்தான்.

மூன்றாவது, பல்லின் வேதியியல். பல் உருவாகும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜன் அதில் சேர்கிறது. ஆக்சிஜனில் எடை குறைந்தது, கூடியது என்று வகைகள் உண்டு. தண்ணீர் குளிர்ந்தால் கனமானது பல்லில் கூடுதலாகச் சேரும். அந்த விகிதத்தை அளந்தால் அந்தச் சுறா நீந்திய நீரின் வெப்பத்தைக் கணிக்கலாம். அது தின்றதைத் தேடப்போய், நீந்திய கடலின் காய்ச்சலை அளந்த மாதிரி.

இனி, தோற்ற கதை. காரையில் கிடைத்தவற்றில் டைகோடஸ் என்ற சுறாவின் பல்லும் உண்டு. ரொட்டி போல உப்பி, மேலே வரிவரியாக இருக்கும். சந்தேகமில்லாத அம்மிப்பல். அதனால் நூறு வருடத்துக்கும் மேல் படங்களில் அதைக் கடலடியில் படுத்துக் கிடக்கும் சோம்பேறிச் சுறாவாக, திருக்கைக்கு உறவாகக்கூட வரைந்தார்கள். நானும் இளைஞர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். மெக்சிகோவில் வய்யெசீயோ என்ற ஊர்ச் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து உடல் விளிம்போடு முழு டைகோடஸ்கள் கிடைத்து, 2024இல் கட்டுரை வந்தது. பார்த்தால், வெள்ளைச்சுறா வரிசையைச் சேர்ந்த, ஒடுங்கிய உடலும் பிறை வாலும் கொண்ட வேகநீச்சல்காரன்! ஓடு உள்ள அம்மோனைட்டுகளையும் கடலாமைகளையும் திறந்த கடலில் விரட்டிப் பிடித்து நொறுக்கியிருக்கலாம் என்கிறார்கள். பல் பொய் சொல்லவில்லை. பல் சொல்லாததையும் சேர்த்து நாங்கள்தான் சொல்லிவிட்டோம்.

அதே ஊரில் 2012இல் கிடைத்த இன்னொரு சுறா, அக்விலோலாம்னா. நீளம் 1.65 மீட்டர், பக்கத்துடுப்புகளை விரித்தால் 1.9 மீட்டர், நீளத்தைவிட அகலம் கூட! கொம்புத் திருக்கை போலச் சிறகடித்துப் போய் மிதவை உயிர்களை வடிகட்டித் தின்றிருக்கும் என்பது கண்டவர்கள் கருத்து. அதன் பல் அந்தக் கல்லில் தெரியவில்லை. பல்லை வைத்துத்தான் சுறாவை அறிவோம் என்று இருந்துவிட்டால் இப்படி எத்தனை பேரைத் தவறவிட்டிருப்போம்!

இன்னொன்று. மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போனால் எல்லாரும் பெரிய பல்லைத்தான் தேடுவார்கள். சுண்ணாம்புக் கல்லை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, களிமண் என்றால் தண்ணீரில் ஊறவைத்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசினால் மிஞ்சுவதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கடுகைவிடச் சின்னப் பற்கள் வரும். முழங்கை அளவுச் சுறாக்களும் திருக்கைகளும் அதில்தான் இருக்கின்றன. பெரிய சுறாவுக்கு இரையானது, அதற்கு அடுத்த படியில் நின்றது எல்லாம் அந்தச் சல்லடையில்தான் தெரியவரும்.

*

இது பல்லுதான் என்று முதலில் கண்டுபிடித்தவர் யார்?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ராமநாதபுரம்

ஐரோப்பாவில் நெடுங்காலம் இவற்றை நாக்குக்கற்கள் என்று சொல்லி, விஷமுறிவுக்கு அணிந்துகொண்டார்கள். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ பக்கம் பிடிபட்ட பெருஞ்சுறாவின் தலை, நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற மருத்துவரிடம் அறுத்துப் பார்க்க வந்தது. வாய்க்குள் இருந்ததும் மலைப்பாறையில் கிடைப்பதும் ஒன்று என்று அவர் விளக்கினார். அவருக்கு முன்பும் ஓரிருவர் சொன்னதுண்டு. ஆனால், அப்படியானால் மலையில் இருக்கும் பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்திருக்க வேண்டும், கீழ் அடுக்கு மூத்தது, மேல் அடுக்கு இளையது என்று அங்கிருந்து மேலே யோசித்துப் போனவர் ஸ்டெனோ. என் தொழில் அந்தச் சுறாத்தலையில் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

நம் பக்கத்தில், புதுச்சேரியை அடுத்த கிரெட்டேசியஸ் படிவங்களிலிருந்து கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சேகரித்த மீன் எச்சங்களை எகர்ட்டன் என்பவர் 1845இல் லண்டனில் விவரித்தார். அவற்றில் சுறாப்பற்கள் இருந்தன.

*

என் அம்மாச்சி வீட்டில் வேளாக்கொம்பு ஒன்று இருந்தது. இப்போது வேளா மீனையே யாரும் பார்ப்பதில்லை. டைனோசர் காலத்திலும் வேளா இருந்ததா?
— இல்லத்தரசி, தங்கச்சிமடம்

எங்கள் வீட்டிலும் இருந்தது, அம்மா. இரண்டு பக்கமும் பல் வைத்த அந்த நீளக் கொம்பு கதவுக்கு மேல் குறுக்கே மாட்டியிருக்கும். அதன்கீழ் குனிந்து போய்த்தான் பள்ளிக்கூடம் போனேன். அப்பா கடைசியாக வேளா கொண்டுவந்தது எனக்குப் பத்து வயதில். அதற்குப் பின் நான் பார்க்கவில்லை. 2001இல் வேளாவைப் புலிக்கு நிகரான பாதுகாப்புப் பட்டியலில் வைத்தார்கள். அதற்குள் நம் கடலில் அது அரிதாகிவிட்டிருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிரெட்டேசியஸ் கடலில் கொம்பு வைத்த மீன்கள் நிறைய இருந்தன. ஸ்க்ளெரோரிங்கஸ், ஆன்கோப்ரிஸ்டிஸ் என்று பல பெயர். படத்தில் பார்த்தால் வேளா என்றே சொல்வீர்கள். ஆனால் வேளாவின் மூதாதை அல்ல. வேளாவின் கொம்பில் பற்கள் ஆழமான குழியில் இறங்கி நின்று, வாழ்நாள் முழுவதும் வளரும். பழையவற்றில் பல் தோல்மேல் ஒட்டியிருந்தது. சுறாப்பல் போல விழுந்து விழுந்து முளைத்தது. அந்தக் கூட்டம் கிரெட்டேசியஸ் முடிவில் அற்றுப்போனது. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு கழித்து, வேறொரு குலத்தில், அதே கொம்பு மறுபடி உருவானது. கூட்டமாக ஓடும் மீனை அடித்துத் தின்ன அந்த ஆயுதம் அவ்வளவு பொருத்தம்.

ஆக, கொம்பு ஒரு முறை பூமியிலிருந்து போய், மறுபடி வந்தது. இடையில் கடந்தது மனிதக் கணக்குக்கு எட்டாத காலம். இந்த முறை போனால் நம் பேரப்பிள்ளைகள் யாரும் காத்திருந்து பார்க்க முடியாது. வலையில் உயிரோடு சிக்கினால் அறுத்து விடுங்கள். வலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, வலையின் விலை எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

*

விண்கல் விழுந்து டைனோசர் செத்தது என்கிறார்கள். சுறா மட்டும் எப்படித் தப்பியது?
— கல்லூரி மாணவி, ஏர்வாடி

தப்பியது பாதிக்கும் குறைவு. சுறா, திருக்கை இனங்களில் பாதிக்கு மேல் அந்தச் சமயத்தில் அழிந்தன. காக்கைச் சுறா போய்விட்டது. ஆழமற்ற கடலில் ஓடு நசுக்கித் தின்ற திருக்கை வகைகளுக்குப் பலத்த அடி. பரந்த பகுதியில் வாழ்ந்தவை கூடுதலாகப் பிழைத்தன. அரியலூர் மாவட்டத்தில் நின்னியூர்ப் பக்கம் போனால் அந்த முடிவுக்குப் பிந்திய காலத்துச் சுண்ணாம்புக் கல்லைக் காணலாம். கீழே கிரெட்டேசியஸ், மேலே அடுத்த யுகம். ஒரே மாவட்டத்துக்குள் மாலைக்குள் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

*

என் மகன் கல்லூரிச் சுற்றுலாவில் காரைக்குப் போய்ச் சுறாப்பற்கள் பொறுக்கி வந்திருக்கிறான். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். விற்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
— தாய், பெரியபட்டினம்

விற்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞாயிறு தோறும் சைக்கிளையும் பஸ்ஸையும் பிடித்து ஓடைகளுக்குப் போவேன். கண் பழகிய பையன், சுறா வீட்டுப் பிள்ளை; மற்றவர்கள் கல் என்று தாண்டிப் போவதை நான் பல் என்று குனிவேன். நாலு வருடத்தில் 170 பல்லுக்கு மேல் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு வைத்தேன். எந்த ஓடை, எந்த அடுக்கு, மேலிருந்து எத்தனை அடி, பக்கத்தில் எந்த அம்மோனைட், ஒன்றும் எழுதவில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன்.

பின்னால் பல்கலைக்கழகத்திலிருந்து சுறாப்பல் ஆராய வந்த ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். புட்டியைத் தாளில் கொட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். முதல் பல்லுக்கு விழித்தேன். இரண்டாவதுக்கும். ஐந்தாவது பல்லுக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். மரியாதையாக டீ குடித்துவிட்டு, நல்ல பற்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துப் பயனில்லை. காரைக் களிமண் ஒரே நாளில் படிந்ததல்ல. அடிக்கும் மேலுக்கும் இடையில் பல பத்து லட்சம் ஆண்டுகள் இருக்கின்றன. எந்தச் சுறா முதலில் வந்தது, எது பிறகு வந்தது, எப்போது கடல் ஆழமானது, எப்போது பின்வாங்கியது என்பதை அந்த 170 பல்லும் சேர்ந்து சொல்லியிருக்கும். நான் அவற்றை இடத்திலிருந்து பெயர்த்து ஊமையாக்கிவிட்டேன். அந்தப் புட்டி இப்போதும் என் மேசையில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் தொட்டுப் பார்க்கக் கொடுக்கிறேன். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

உங்கள் மகன் போய்வந்து எத்தனை நாள் ஆனது என்று கடிதத்தில் இல்லை. எத்தனை நாளானாலும் சரி, இன்று இரவே உட்காரச் சொல்லுங்கள். கைபேசியில் எடுத்த படங்களைத் திறக்கட்டும். படத்தோடு நேரமும், சில கைபேசிகளில் இடமும் பதிவாகியிருக்கும். பஸ் எங்கே நின்றது, எந்தப் பக்கம் இறங்கினார்கள், ஓடையின் அடியிலா மேட்டிலா, கூட வந்த பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு எழுதட்டும். ஒவ்வொரு பல்லையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, எண் போட்டு, தெரிந்ததை மட்டும் எழுதட்டும். தெரியாததற்கு "தெரியாது" என்றே எழுதட்டும், யோசித்து நிரப்ப வேண்டாம். பிறகு கல்லூரி நிலவியல் துறையிடமோ, அரியலூர் வாரணவாசியில் உள்ள அரசின் புதைபடிவ அருங்காட்சியகத்திலோ காட்டட்டும்.

அடுத்த முறை காரைக்குப் போனால் பல்லைக் கையில் எடுப்பதற்கு முன், அது கிடக்கும் நிலையிலேயே, பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பேனா எதற்கு என்றால், அளவு தெரிவதற்கு.